தைஹோகு விமான விபத்து: பொருட்சான்றுகள் பற்றிய சர்ச்சை – ஒரு திறனாய்வு

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஆகஸ்டு 18 அன்று தைஹோகு நகரில் நடந்த விமான விபத்தில் இறந்தார் என்பது இந்திய அரசு ஏற்றுள்ள நிலைப்பாடு. தைஹோகு என்பது தைவானின் இன்றைய தலைநகரான தைபே. விபத்தே நடக்கவில்லை, அவர் வேறெங்கோ சென்று வாழ்ந்தார் என்ற கருத்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவி வருகிறது. இரு தரப்பும் பொருட்சான்றுகளைக் காட்டியே வாதிடுகின்றன. அச்சான்றுகள் உண்மையில் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி

ஜப்பான் சரணடைந்த பின் போஸ் சிங்கப்பூரிலிருந்து பாங்காக் வழியாகச் சைகோன் சென்றார். அங்கிருந்து கிளம்பிய ஜப்பானியக் குண்டுவீச்சு விமானத்தில் அவருக்கும் கர்னல் ஹபிபுர் ரஹ்மானுக்கும் மட்டுமே இடம் கிடைத்தது. ஆசாத் ஹிந்த் அரசின் பரப்புரை அமைச்சராக இருந்த தமிழர் எஸ். ஏ. ஐயர் சைகோனிலேயே தங்க நேர்ந்தது. தைஹோகுவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மேலெழுந்த விமானம் உடனே விழுந்து தீப்பற்றியது. ஜெனரல் ஷிடெய் உயிரிழந்தார். கடுமையான தீக்காயங்களுடன் இராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட போஸ் அன்றிரவு இறந்தார் என்று மருத்துவர் யோஷிமியும் ஹபிபுர் ரஹ்மானும் சாட்சியம் அளித்தனர்.

1956இல் ஷா நவாஸ் குழுவும், 1970இல் அமைக்கப்பட்ட கோஸ்லா ஆணையமும் இதை ஏற்றன. ஆனால் ஷா நவாஸ் குழுவின் உறுப்பினரும் நேதாஜியின் அண்ணனுமான சுரேஷ் சந்திர போஸ் மறுப்பு தெரிவித்தார். 1999இல் அமைக்கப்பட்ட முகர்ஜி ஆணையம், போஸ் இறந்துவிட்டார், ஆனால் இந்த விபத்தில் அல்ல என்று முடிவு கூறியது. 2006இல் அம்முடிவை இந்திய அரசு நிராகரித்தது. தமிழகத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் நேதாஜி உயிருடன் இருப்பதாக வெளிப்படையாகக் கூறியதால், இக்கருத்து இங்கும் வேரூன்றியது.

ஆவணம் இல்லை என்னும் வாதம்

விபத்தை மறுப்போரின் முதன்மைச் சான்று, அப்படி ஒரு விபத்து நடந்ததற்கான பதிவு தங்களிடம் இல்லை என்று தைவான் தரப்பு தெரிவித்த பதிலாகும். முகர்ஜி ஆணையமும் இதற்குப் பெரும் மதிப்பு அளித்தது. ஆனால் ஆவணம் இல்லாமை எப்போது சான்றாகும்? அந்த ஆவணம் அந்த இடத்தில் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் ஆகும். 1945 ஆகஸ்டில் தைவானை ஆண்டது ஜப்பான். சீனக் குடியரசு அதைப் பொறுப்பேற்றது அக்டோபர் 25 அன்றுதான். விழுந்தது தோற்றுச் சரணடைந்திருந்த ஒரு படையின் விமானம். அதன் பதிவைப் பின்னர் வந்த அரசின் காப்பகத்தில் தேடிக் காணாததை வைத்து, விபத்தே இல்லை என்று முடிவு செய்ய இயலாது. மேலும், அதே விபத்தில் இறந்ததாகக் கூறப்படும் ஜெனரல் ஷிடெய்க்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கும் மறுப்போர் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளனர்.

ஒகுரா என்ற பெயர்

தைஹோகுவின் தகனப் பதிவில் போஸின் பெயர் இல்லை. இச்சிரோ ஒகுரா என்ற ஜப்பானியப் படைவீரர் மாரடைப்பால் இறந்ததாக ஒரு பதிவு உள்ளது. இரகசியம் காக்கவே பெயர் மாற்றப்பட்டது என்பது ஒரு தரப்பு. டோக்கியோ சென்ற சாம்பல் ஒகுராவுடையதே என்பது முகர்ஜி ஆணையத்தின் முடிவு. ஒரே தாள் இரு கதைகளுக்கும் பொருந்துகிறது. இரண்டுக்கும் பொருந்தும் சான்று இரண்டில் எதையும் நிறுவாது. இதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன.

கடிகாரமும் நகைகளும்

ஹபிபுர் ரஹ்மான் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கைக்கடிகாரம் செவ்வக வடிவானது. போஸ் வழக்கமாக அணிந்தது வட்டக் கடிகாரம் என்பது எதிர்ப்பு. இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் ஒருவரிடம் ஒரே கடிகாரம்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. உரிமையைக் காட்டும் பதிவு இல்லாத ஒரு பொருள் ஆளை அடையாளம் காட்டாது.

விபத்து நடந்த இடத்தில் சேகரித்ததாகச் சொல்லப்படும், தீயில் உருகி ஒட்டிய நகைகள் பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்தன. அவை ஒரு தீ நேர்ந்ததற்கான சான்று. அத்தீயில் யார் இறந்தார் என்பதற்குச் சான்று அல்ல. விபத்தை ஏற்போர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பற்களும் எலும்புகளும்

1985இல் பைசாபாத்தில் இறந்த கும்நாமி பாபா என்ற துறவியே நேதாஜி என்று பலர் நம்பினர். அவருடைய உடைமைகளில் இருந்த பற்கள் முகர்ஜி ஆணையத்தின் காலத்தில் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றுக்கும் போஸ் குடும்பத்தாரின் மரபணுவுக்கும் பொருத்தம் நிறுவப்படவில்லை. கையெழுத்து வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. துறவியே நேதாஜி என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று ஆணையமும் கூறியது.

டோக்கியோவின் ரெங்கோஜி கோயிலில் 1945 செப்டம்பர் முதல் ஒரு பேழை காக்கப்படுகிறது. இதைச் "சாம்பல்" என்பது வழக்கு. ஆனால் ஜப்பானிய முறையில் தகனத்துக்குப் பின் எலும்புத் துண்டுகளையே பொறுக்கி எடுத்து வைப்பர். ஆகவே அது ஆய்வுக்குரிய பொருள். அந்த ஆய்வு நடக்கவில்லை. கோயில் தரப்பின் தயக்கமே காரணம் என ஆணையம் குறிப்பிட்டது. ஆனால் கோயிலின் தலைமைக் குரு எழுதிய ஜப்பானியக் கடிதத்தின் மறுமொழிபெயர்ப்பு பல ஆண்டுகளுக்குப் பின் வெளியானபோது, அவர் இசைவு தந்திருந்தது தெரியவந்தது.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. ஆய்வு செய்து பொருந்தாமல் போன பற்களைப் பற்றிய நம்பிக்கை இன்னும் தொடர்கிறது. ஆய்வே செய்யப்படாத எலும்புகளோ, ஒகுராவுடையவை என்று தள்ளப்படுகின்றன. சான்றை எடைபோடும் தராசு இருவேறு எடைக்கற்களுடன் இயங்குகிறது.

மதிப்பீடு

இந்தச் சர்ச்சை நீண்டதற்கு நம்புவோரின் பிடிவாதம் மட்டும் காரணம் அல்ல. ஷா நவாஸ் குழு தைவானுக்கே செல்லவில்லை. அரசின் கோப்புகள் பெருமளவில் வெளிவந்தது 2016இல்தான். மூடிய கோப்பு ஐயத்தை வளர்க்கும்.

நேதாஜியின் மகள் அனிதா பாஃப் மரபணு ஆய்வு வேண்டும் என்றும், தந்தையின் எச்சங்கள் இந்தியா வரவேண்டும் என்றும் கேட்டு வருகிறார். 1942இல் பிறந்த அவர் எண்பதைக் கடந்துவிட்டார். ஒப்பீட்டுக்கு அவருடைய மரபணு மிக நேரடியானது.

ஆய்வு நடந்தால் மூன்று முடிவுகளுக்கு இடமுண்டு: பொருந்தலாம், பொருந்தாமல் போகலாம், தகன வெப்பத்தில் மரபணு அழிந்ததால் முடிவே கிடைக்காமலும் போகலாம். மூன்றாவதை இரண்டாவதாகப் படிக்கக் கூடாது. முடிவு கிடைக்காவிட்டால் சாட்சியங்களின் வலிமை முன்பிருந்தபடியே இருக்கும். மருத்துவர், உடன் பயணித்தோர், ஜப்பானிய அரசின் 1956ஆம் ஆண்டு அறிக்கை ஆகியவை ஒரே திசையைக் காட்டுவதால், விபத்தில் இறந்தார் என்ற முடிவே இன்றைய நிலையில் வலுவானது. ஆனால் அது பொருட்சான்றால் உறுதிப்படுத்தப்பட்ட முடிவு அல்ல. மாணவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிவது நலம்.