பவளக்கல்லில் கட்டிய நகரம்

சன்சிபார் பற்றிய சுற்றுலாப் பிரசுரங்கள் கடற்கரை, பவளப்பாறை, பழைய நகர் என்று தனித்தனியே பட்டியலிடுகின்றன. பழைய நகரின் சுவர்களே பவளக்கல்லால் ஆனவை என்பதையோ, 1964 புரட்சியோடு அந்த வீடுகளை விட்டு ஓடியவர்களையோ அவை பேசுவதில்லை.

அப்படி வெளியேறி, பிரித்தானியாவில் அகதியான அப்துல்ரசாக் குர்னாவின் ‘பை த ஸீ’ (2001) நாவலில், சாலே ஓமார் பொய்ப் பெயரில் கற்விக் விமானநிலையத்தில் இறங்குகிறார். அவருடைய அகில் தூபப் பெட்டியைக் குடிவரவு அதிகாரி எடுத்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் பெற்றோரும் ருமேனியாவிலிருந்து வந்த அகதிகளே! ஆனால் இதே சாலே ஓமார்தான் ஊரில் பழைய தளபாடங்களை வெள்ளைக்காரருக்கு விற்றவர். ஒரு கடனுக்கு ஈடாக இன்னொரு குடும்பத்தின் வீட்டைத் தனதாக்கிக்கொண்டவர். பறிகொடுத்தவரைக் குர்னா நிரபராதியாக்கவில்லை. விட்டுவந்த ஊரை எழுதும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வாய்த்திருக்கிறது?

எனினும் ஒரு குறை. கராம்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் கோபம் நாவலுக்குள் வரவேயில்லை என்றே சொல்லவேண்டும். புரட்சி, வணிகர் வீட்டுக் கதவுக்கு வெளியே கேட்கும் சத்தமாக நின்றுவிடுகிறது. சித்திரவேலைப்பாடுள்ள அந்தக் கதவுகளைத்தான் இன்றைய பயணிகளும் படமெடுக்கிறார்கள்.