இருமொழியமும் மறதிநோயும்: ஐதராபாத் ஆய்வு – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

இருமொழியம் அறிதிறனுக்குச் சுமையா துணையா என்னும் வினா மொழியியலுக்குப் புதிதன்று. நெடுங்காலம் சிறார் கல்வியைச் சார்ந்தே பேசப்பட்ட இவ்வினா, பின்னர் முதுமையை நோக்கியும் விரிந்தது. எலன் பியாலிஸ்டாக்கும் உடனாய்வாளரும் டொரன்டோ நகரில் 184 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, டிமென்ஷியா என்னும் மறதிநோயின் அறிகுறிகள் இருமொழியாளரிடம் ஏறத்தாழ 4 ஆண்டுகள் பிந்தித் தோன்றுவதாக 2007இல் கூறினர். ஆயின் அவ்விருமொழியாளருள் பெரும்பாலோர் குடிபெயர்ந்து வந்தோர். தாமதத்திற்குக் காரணம் மொழியா, குடிபெயர்வா என்னும் ஐயம் எஞ்சியது.

2. ஆய்வின் சிறப்பு

சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஐதராபாத் ஆய்வு இவ்வையத்தை எதிர்கொண்டது. தெலுங்கு, தக்கினி, இந்தி, ஆங்கிலம் ஆகியன அருகருகே வழங்கும் அந்நகரில் இரண்டாம் மொழி அறியக் குடிபெயர வேண்டுவதில்லை. ஆராயப்பட்ட 648 மறதிநோயாளருள் 391 பேர் இருமொழியாளர் அல்லது பன்மொழியாளர். நோய் தோன்றிய சராசரி வயது ஒருமொழியாளர்க்கு 61.1, இருமொழியாளர்க்கு 65.6. எழுத்தறிவற்றோரிடையே இவ்வேறுபாடு 6 ஆண்டுகளாக இருந்தது. கல்வியின் பயனே மொழியின் பயனாகத் தோற்றம் தருகிறது என்னும் மறுப்பு இதனால் பெரிதும் வலுவிழக்கின்றது.

3. குறைகள்

எனினும், இவ்வாய்வு மருத்துவமனையை நாடி வந்தோரை மட்டுமே கொண்டது. நோயின் தொடக்கமும் பின்னோக்கிக் கணிக்கப்பட்டதே. முதியோரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வுகள் வேறுவிடை தருகின்றன. மன்ஹாட்டன் வடபகுதியில் ஸ்பானிய மொழி பேசும் முதியோரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், இருமொழியாளர் தொடக்கத்தில் மேம்பட்ட நினைவாற்றல் காட்டினர். ஆனால் மறதிநோய்க்கு ஆளாவதில் வேறுபாடு காணப்படவில்லை.

மொழியியலார் கருத வேண்டிய குறை வேறொன்று. ஒரு மொழியை அடக்கி மற்றொன்றைத் தெரிந்தெடுக்கும் இடையறாப் பயிற்சியே பயன் தருவது என்பது இவ்வாய்வுகளின் அடிப்படைக் கருதுகோள். அவ்வாறாயின், மொழிமாற்றத்தின் அடர்த்தியே அளக்கப்பட வேண்டும். கடைவீதியில் சில தொடர்கள் பேசுவோரும் நாள்முழுதும் மொழிபெயர்ப்போரும் இருமொழியாளர் என்னும் ஒரே கூண்டில் அடைக்கப்படின், அக்கருதுகோள் சோதிக்கப்படாமலே போகும். ஐதராபாத்தில் மூன்றாம் மொழியால் கூடுதல் பயன் காணப்படாமையும், மொழிகளின் எண்ணிக்கை தக்க அளவுகோலாகாது என எண்ணத் தூண்டுகிறது.

4. முடிவுரை

ஒத்த அறிதிறன் நிலையிலிருந்த நோயாளரை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டின் டொரன்டோ ஆய்வில், இருமொழியாளரின் மூளையிலேயே தேய்வு மிகுதியாகக் காணப்பட்டது. மூளை தேய்ந்தும் செயல் தாங்கி நிற்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே ‘காப்பு’ என்பதைத் ‘தடுப்பு’ எனப் பெயர்ப்பது பிழை. ‘தாழ்த்தல்’ என்பதே பொருந்தும். நோயுற்ற இருமொழியாளரின் குடும்பத்திற்கு இச்சொல் வேறுபாடு சிறிதன்று. எப்பயன்பாட்டை இருமொழியம் எனக் கொள்வது என்பதை வரையறுக்கும் பணி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று, மொழியியலார்க்கும் உரியது.