திருப்பாவையின் வெள்ளியும் வியாழமும்

அறிவியல் வரலாற்றை எளிய நடையில் உரைக்கும் நூல்கள் இந்நாளில் மிகுதியும் பயிலப்படுகின்றன. திருவில்லிபுத்தூர்க் கோதையார் காலம் கி.பி. 731 என வானநூல் மெய்ப்பித்துவிட்டது என்னும் கூற்று அவற்றுட் சிலவற்றிற் காணப்படும். அவ்வூரிலும் அணித்தாய இராசபாளையத்திலும் அதனை ஐயமின்றி எடுத்தோதுவாருளர்.

விடியலில் வெள்ளி எழ வியாழம் மறைந்ததெனத் திருப்பாவை கூறுங் குறிப்பே அதற்கு ஏது. அதனைக் கணித்து அவ்வாண்டைத் துணிந்தவர் மு. இராகவையங்கார். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆயின், வெள்ளி 8 ஆண்டுக்கொருமுறை ஏறக்குறைய முன்னை நிலையை எய்தும். வியாழம் ஏறத்தாழ 12 ஆண்டில் வானை ஒருமுறை சுற்றும். எனவே, அத்தகைய காட்சி ஒரு நூற்றாண்டிற் சிலமுறை மீளுதல் கூடும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க, வேறு சான்றுகளால் முன்னரே வகுத்த கால எல்லை வேண்டும். அம்மையார் தாம் கண்ட வானையே பாடினார் என்பதும் வேண்டும். இவ்விரண்டும் வானநூல் தருவன அல்ல.

பலவிடத்துஞ் செல்லும் ஏதுவை அநைகாந்திகம் என அளவை நூலார் விலக்குவர். ஈண்டுப் பிழை கணிதத்தின்கண் இல்லை. அதன்மேல் ஏற்றிய துணிவின்கண் உள்ளது. முடிவை மாத்திரங் கூறி, அது நிற்கும் நிலைகளை மறைக்கும் நூல் அறிவியலைக் கற்பிப்பதன்று. காண்டலுங் கருதலும் வேண்டுமிடத்து உரையளவையை நாட்டுவதேயாம்.