சாம்பிராணியும் புகைபோக்கியும்

கத்திவாக்கத்திலிருந்து வரும் முதுகலை மாணவி ஒருத்தி தன் பத்து மாதக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை என் மேசைமேல் வைத்தாள். "தமிழ் எம்.ஏ. படிக்கிறேன் மேடம். இதுல பாதி வார்த்தை எனக்கே புரியல" என்றாள். வகுப்பில் செய்யுளைப் பதம் பிரிப்பதுபோல் அன்று அந்த அட்டையைப் பிரித்து வாசித்தோம்.

6, 10, 14ஆம் வாரங்களுக்கு நேரே 'பென்டாவேலன்ட்' என்றிருந்தது. தமிழ்நாட்டுக்கு 2011 டிசம்பரில் வந்த ஊசி. ஐந்துக்கு எதிரானது: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி. முதல் மூன்றைச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். அவளுடைய ஆயா சொல்லிக் கேட்ட பெயர்கள். அவளிடமோ 'ஒன்றரை மாச ஊசி' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஊசி கிடைத்தது, எதற்கு என்ற விளக்கம் கிடைக்கவில்லை.

பாட்டிமார் சொற்களைப் போற்றிவிட்டு இங்கே முடித்துவிடலாம். மனம் ஒப்பவில்லை. பேதியான குழந்தைக்கு 'உச்சிக்குழி விழுந்திருக்கு' என்று பாட்டி சொன்னால் அது சரியான கணிப்பு. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் என்றே மருத்துவமும் சொல்கிறது. அதே பாட்டிதான் அதற்குத் 'தோஷம்' என்று பெயரிட்டார். தீட்டுக்காரியின் நிழல் பட்டுவிட்டது என்றார். பழி இன்னொரு பெண்மேல் விழுந்தது.

மருத்துவமனைச் சொல் அந்தப் பழியைத் துடைத்ததா? இவள் குழந்தைக்கு மூன்று முறை 'வீசிங்'. எண்ணூர்ப் பக்கம் வீசிங்கும் நெபுலைசரும் வீட்டுச் சொற்களாகிவிட்டன. வீசிங் என்பது நோயின் பெயரல்ல. சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று எழுப்பும் ஒலி. 'இழுப்பு' என்போமே, அது. கிருமித் தொற்றால் வரும். புகையும் தூசியும் அதைக் கூட்டும். சீட்டில் 'அலர்ஜி' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லில் காரணம் குழந்தையின் உடம்புக்குள் போய்விட்டது.

"வீட்ல சாம்பிராணி போடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. சாம்பிராணிப் புகை குழந்தைக்கு ஆகாது, அவளும் நிறுத்திவிட்டாள். ஆனால் 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் புகைந்த ஊர் இது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண் எரிய, மூச்சுத் திணற, மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். இவற்றைப் பற்றி யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அட்டையில் எடைக்குக் கட்டம் உண்டு, காற்றுக்கு இல்லை. எடை குறைந்தால் "ஒழுங்கா பால் குடுக்கறியாம்மா?" என்பார்கள். தாய் பதில் சொல்லக்கூடிய கேள்விகளே எப்போதும் கேட்கப்படுகின்றன.

அட்டையின் பின்பக்கம் காலியாக இருந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் நேரான நோயின் பெயரை அவள் தமிழில் எழுதினாள். அதன் கீழே, இழுப்பு வந்த மூன்று தேதிகளையும், அன்று வீட்டுக்குள் வந்த நெடி என்னவென்பதையும் எழுதினாள். அடுத்த முறை மருத்துவர் சாம்பிராணியைப் பற்றிக் கேட்டால், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதாகச் சொன்னாள்.