சிங்கப்பூர்க் கல்லைப் படித்தவர்கள்

1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காடு வெட்டிய வங்க மாலுமிகள் ஒரு மணற்பாறையைக் கண்டார்கள். ஏறத்தாழ பத்தடி உயரம், ஐம்பது வரி எழுத்து. 1843இல் கோட்டைக்கு இடம் வேண்டுமென்று பொறியாளர் ஸ்டீவன்சன் அதை வெடிவைத்துத் தகர்த்தார். மன்னிக்க முடியாத அழிவு அது. ஜேம்ஸ் லோ காப்பாற்றிய துண்டுகள் கல்கத்தா போயின. திரும்பி வந்த ஒரு துண்டு இன்று ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எழுத்தின் வடிவத்தைப் பிடிக்க ஒவ்வொருவரும் ஒரு வழி பார்த்தார்கள். ராஃபிள்ஸ் திராவகம் ஊற்றினார் என்பார்கள். வில்லியம் பிளாண்ட் பிசைந்த மாவை அழுத்தி அச்செடுத்தார். லெய்ட்லி கரித்தூளைத் தூவி, இறகால் தடவிப் பள்ளங்களை நிரப்பினார். பிளாண்டின் படி ஜேம்ஸ் பிரின்செப்பின் கைக்குப் போனது. பிராமி எழுத்தைத் திறந்து காட்டியவர் அவர். க, ல, ஹ, ப, ச, ய எனச் சில எழுத்துகள் அவருக்குப் பிடிபட்டன. ஒரு சொல்லைக்கூடக் கோக்க முடியவில்லை. 1834இல் பெக்பி இதைப் பழந்தமிழின் வழக்கொழிந்த வடிவம் என்று கருதினார். லெய்ட்லி ஜாவாவின் கவி எழுத்து என்றார்.

வடிவத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்குக் காலக்கணிப்பே சாட்சி. கெர்ன் 1230 வாக்கில் என்றார். குரோம், 1360ஆம் ஆண்டு மஜபாகித் பேரரசுக் கல்வெட்டின் எழுத்தை ஒத்திருப்பதாகக் கண்டார். டி காஸ்பரிஸ் பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார். மூவரும் எழுத்தாய்வில் தேர்ந்தவர்கள், இடைவெளியோ முந்நூறு ஆண்டுக்கு மேல். கவி எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது. ஆகவே தமிழகத்துச் சாயல் தெரிவதால் மட்டும் கல் தமிழர் வெட்டியதாகிவிடாது. மணற்கல் தேயத் தேயக் கோணங்களும் மழுங்கிவிடும்.

2019இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர் ஒரு துண்டுச் சொல்லை ‘கேசரிவ’ என்று படித்தார். அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழர் பட்டத்தின் நடுப்பகுதி ஆகலாம் என்பது அவர் கருத்து. முதலாம் இராசேந்திரனுக்கும் அந்தப் பட்டம் உண்டு. அவன் கடற்படை 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. தேக்காவில் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2019இல் வெளிக்கொணர்ந்த தமிழர் வரலாற்றுத் தொகுதியில் சின்கிளேரின் கட்டுரை உள்ளது. எனக்கு அது கவர்ச்சியான வாசிப்பு. ஆனால் நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு வெற்றி கொண்டாட நான் தயாரில்லை. சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் கல்வெட்டைத் தமிழென்று ஐயமின்றிச் சொல்கிறோம் என்றால், அதில் தொடர்ந்து படிக்க வாசகம் இருக்கிறது.

தேவை இன்னும் எழுத்துகள். கல்கத்தா போன மற்றத் துண்டுகளைக் கொல்கத்தா அருங்காட்சியகக் கிடங்குகளில் முறையாகத் தேட வேண்டும். இருக்கும் துண்டின் முப்பரிமாணப் பதிவைச் சோழர் கல்வெட்டும் கவியும் ஒருசேரக் கற்றவர்கள் கையில் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரும் இந்தியாவும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. தாமதிக்கக் காரணம் எதுவுமில்லை.