எண்ணி நடப்பவர்கள்

தாம்பரத்துக் காலிமனை எருக்கை யாரும் சீண்டுவதில்லை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். புழு அந்த இலையைத் தின்றே வளரும். சரக்கொன்றை, கறிவேப்பிலை என வேறு இனங்களுக்கு வேறு செடிகள். பறப்பதை வைத்தே வட்டாரத்தில் எந்தச் செடி மிச்சமிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பட்டாம்பூச்சிகளை எண்ணுவதற்கு 1970களில் பிரிட்டனில் எர்னி பொல்லார்ட் ஒரு நடையை வகுத்தார்: மாறாத பாதை, சீரான வேகம், வெயில் ஏறிய பொழுது, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் தென்படுபவை மட்டும். வலை வேண்டாம். இந்தியாவில் 2020 முதல் செப்டம்பர்தோறும் தன்னார்வலர்கள் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடுகிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் புதர்க்காடும் நன்மங்கலம் காப்புக்காடும் இருக்க, நம் புறநகரில் நடக்க இடமுண்டு.

இந்த எண்ணும் நடையில் எனக்குப் பிடித்தது, ஒன்றும் பறக்காத நாளையும் எழுதிவைக்கும் நேர்மை. புதர் அழிந்ததை அந்தப் பூஜ்யமும் சொல்லும்.