நிலைக்காத நாற்காலி

2015 ஜூலையில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் பால் வான் ஆஸ் நீக்கப்பட்டார். பொறுப்பேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடுத்து வந்த ரோலன்ட் ஓல்ட்மன்ஸ் 2017 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டார். பெண்கள் அணியிலிருந்து அந்த இடத்துக்கு வந்த ஷூர்ட் மரைனே, எட்டு மாதத்தில் பெண்கள் அணிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு வந்த ஹரேந்திர சிங்கும் 2019 ஜனவரியில் போனார். நான்கு ஆண்டுக்குள் நான்கு பேர்.

மாற்றுவதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பயிற்சியாளரும் வீரர்களும் ஒத்துப்போகாவிட்டால் அணி முழுவதையும் மாற்ற முடியாது, ஒருவரைத்தான் மாற்ற முடியும். பலனும் சிலசமயம் உடனே கிடைக்கும். மரைனே வந்த மறுமாதமே டாக்காவில் ஆசியக் கோப்பையை வென்றோம். 2023இல் வந்த கிரெய்க் ஃபுல்டன் அதே ஆண்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையையும், மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தையும் பெற்றுத் தந்தார்.

ஆனால் டாக்காவில் ஆடியது ஓல்ட்மன்ஸ் வளர்த்த அணி. அறுவடை அன்று களத்தில் நின்றவர் வேறொருவர், அவ்வளவுதான். நெதர்லாந்துக் கால்பந்தின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வேல் கண்டதும் இதற்கு நெருக்கமானது: தொடர்தோல்விக்குப் பின் பயிற்சியாளரை மாற்றிய அணிகள் மீண்டன, மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதேபோல் மீண்டன.

இந்த வழக்கத்தின் பெரிய கேடு புள்ளிப்பட்டியலில் தெரியாது. குடும்பம் வேறொரு கண்டத்தில் இருக்க, பெங்களூரு முகாமில் மாதக்கணக்கில் தங்கி, வேலை நிலைப்பது அடுத்த போட்டியைப் பொறுத்தது என்று அறிந்த மனிதர் எப்படி முடிவெடுப்பார்? இளம் வீரரைக் களமிறக்கத் தயங்குவார். காயம் ஆறாத வீரரை ஆடச் சொல்வார். தன் தூக்கமின்மையை யாரிடமும் சொல்லமாட்டார். அவருக்குக் கீழே இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். தலைமைப் பயிற்சியாளர் போனால் உதவியாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர் எல்லோருடைய ஒப்பந்தமும் ஆட்டம் காணும். பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்றுகூட அவர்களால் திட்டமிட முடியாது. பெண் பயிற்சியாளருக்குச் சுமை கூடுதல். பெண்கள் அணியை நடத்திய யானக்கே ஷொப்மன், இங்கே தனக்கு மதிப்பில்லை என்று வெளிப்படையாகக் கலங்கிப் பேசிவிட்டு 2024 பிப்ரவரியில் விலகினார்.

டோக்கியோ வெண்கலத்தையும் இங்கே யோசிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த கிரஹாம் ரீட், 41 ஆண்டு கழித்து ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தார். கொரோனாவால் 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு சர்வதேச ஆட்டமே இல்லை. தோற்கவோ, தோல்விக்காக நீக்கவோ வழியே இல்லாத ஓராண்டு. கெட்ட காலம் தற்செயலாகக் கொடுத்த அந்த அவகாசத்தை நம் நிர்வாகம் தானாகக் கொடுத்திருக்குமா என்பது என் ஐயம். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் தோற்றுக் காலிறுதியைத் தவறவிட்டதும் ரீட் விலகிவிட்டார்.

ஆகவே நிர்வாகத்தினரே, ஒலிம்பிக் முதல் ஒலிம்பிக் வரை ஒப்பந்தம் போடுங்கள். ஆண்டுக்கொரு முறை எழுத்தில் மதிப்பீடு செய்யுங்கள். குடும்பத்தோடு இருக்க விடுப்பை அந்த ஒப்பந்தத்திலேயே சேருங்கள். உதவியாளர்களின் வேலையைத் தலைமைப் பயிற்சியாளரின் வேலையோடு கட்டிப்போடாதீர்கள்.